வெள்ளத்தில் நனைந்த கீழ்த்தட்டுப் புத்தகங்களைப் படித்தேன்; பகல் நிலாவைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு எதைக் கொடுப்பது?

நெல்லை_கடைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு சின்னப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது, அவருக்கு முடியாமல் போன பிறகு பதினெட்டு வருஷமாக நான்தான் கடையில் உட்காருகிறேன். ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன். முன்கதை சொல்லாமல் கேட்டால் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாது, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழை தென்மாவட்டக்காரர்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் வந்து நின்றது. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து நான் ஷட்டரைத் தூக்கியபோது சேறும் காகிதமும் சேர்ந்த ஒரு வாடை வந்ததே, இன்னமும் மழை இருட்டினால் அந்த வாடை மூக்குக்கு வந்துவிடுகிறது. கீழ் இரண்டு தட்டுகள் மொத்தமாக நனைந்திருந்தன. மேல்தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை. கீழே பாக்கெட் நாவல், குடும்ப நாவல், காமிக்ஸ், சமையல், பிள்ளைகள் புத்தகம், நாலைந்து அறிவியல் புத்தகங்கள். நான் மதித்ததையெல்லாம் மேலே ஏற்றி, மதிக்காததையெல்லாம் தரையோடு விட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பிள்ளைகள் புத்தகங்களைக் காப்பாற்ற முடியவில்லை. வழவழ ஆர்ட் பேப்பர் நனைந்தால் ஒரு பக்கத்தோடு இன்னொரு பக்கம் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும், காய்ந்ததும் செங்கல்தான், பிரித்தால் படம் உரிந்து வரும். ஆனால் சாணித்தாளில் அச்சடித்த பாக்கெட் நாவல்கள் தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு ஊதிப்போய், மொட்டைமாடிக் கொடியில் மூன்று நாள் தொங்கிவிட்டுப் படிக்கிற மாதிரியே இறங்கி வந்தன. விற்க முடியாது, தூக்கிப்போட மனசில்லை. சரி, நாமாவது படிப்போம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் ராஜேஷ்குமார். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர், அவரை விற்றுத்தான் என் கடைக்கு எத்தனையோ மாதம் வாடகை கட்டியிருக்கிறேன், ஆனால் ஒன்றுகூட முழுதாகப் படித்ததில்லை. அவர் பல கதைகளில் இரண்டு தடம் போடுகிறார், ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்தது சம்பந்தமே இல்லாத வேறொரு ஊரில், இரண்டும் எங்கே முட்டும் என்று பார்க்கவே கை பக்கத்தைத் தள்ளுகிறது. ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணி வரை படித்தேன். கடைசியாக எந்தப் புத்தகத்துக்காக அப்படி விழித்திருந்தேன் என்று யோசித்தால் கல்லூரிக் காலம்தான் ஞாபகம் வருகிறது. இரவுப் பணி வாட்ச்மேன் ஒருவர் வாரத்துக்கு இரண்டு வாங்கிப்போவார். தூக்கம் வராமல் இருக்கத்தான் வாங்குகிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது அவரிடம் "எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கிறேன், இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசுகிறோம்.

அப்புறம் ரமணிசந்திரன். இதைப் படிக்கத்தான் எனக்கு அதிகம் தயக்கம். ஐந்து படித்தேன். கதைப்போக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண், மாதச் சம்பளம் வாங்கிய மறுநாள் தவறாமல் வந்து ஒன்று எடுப்பாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே சட்டம் வந்துவிட்டது, அவள் இன்னும் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறாள். நான் படித்த அந்த ஐந்திலும் கோபக்காரக் கதாநாயகன் கடைசியில், தான் தப்பாகப் புரிந்துகொண்டதை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். நாள் முழுக்கச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குகிறவளுக்கு அந்தக் கடைசி அத்தியாயம் என்னவாக இருக்கும் என்று படித்தபோதுதான் தோன்றியது. அவளிடம் நான் இதுவரை ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை, பில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

காமிக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது, அதைச் சின்ன வயதில் படித்தவர்கள்தான் இன்றைக்கும் என்னிடம் வாங்குகிறார்கள், அவர்களுக்கு வயது ஐம்பதுக்கு மேல். பிள்ளைகளை அந்தத் தட்டுக்குக் கூட்டிவர எனக்கு இன்னும் தெரியவில்லை. சுயமுன்னேற்றம் மூன்று படித்தேன், மூன்றும் ஒரே புத்தகம் மாதிரி இருந்தது, விற்பேன், இனிப் படிக்கமாட்டேன்.

'சமைத்துப் பார்' 1951-ல் வந்தது, கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க இன்றும் வாங்குகிறார்கள். அதைச் சமையலறையில் வைக்காமல் ஈசிச்சேரில் உட்கார்ந்து கதைப்புத்தகம் மாதிரி படித்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தர மாமியாரோ அம்மாவோ இல்லாத ஒரு பெண்ணை மனதில் வைத்து, அவள் எங்கே தடுமாறுவாள் என்று முன்னாலேயே தெரிந்து எழுதியிருக்கிறார் மீனாட்சி அம்மாள். இவ்வளவு சுத்தமான உரைநடையைத் தரையோடு வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் நடுவில், மாலை நேரத்தில், மேல்தட்டிலிருந்து உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுத்தேன், இரண்டாம் தடவை. 1880-ல் கும்பகோணம். கல்லூரியில் புதிதாக ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருக்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளை, ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இதனால் என்ன பிரயோசனம் என்கிறார். சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை? இவர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. அப்படி நெஞ்சில் விழுந்த அடியிலிருந்துதான் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. முதல் தடவை படித்தபோது அவர் பெருமைக்காகப் படித்தேன். இந்தத் தடவை அந்த முன்சீப் வீட்டுத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தது போல இருந்தது, பட்டியல் முழுக்க ஒப்பித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் பதில் இல்லாமல்.

என் அடுத்த கேள்வி போன மாதம் வந்தது. பத்தாம் வகுப்புப் பெண், பாட்டியோடு வந்தாள், கையேடு வாங்க. பாட்டி காசை எண்ணிக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டாள்: "அக்கா, பகல்ல ஏன் சில நாள் நிலா தெரியுது, சில நாள் தெரியல? அதைப் பத்தி புக் இருக்கா? பரீட்சைக்கு இல்ல, சும்மா." பதினெட்டு வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. என் அறிவியல் தட்டில் மிஞ்சியிருந்தது பொது அறிவுத் துணுக்குகளும் விஞ்ஞானிகள் வரலாறும். அடுத்த மாதம் வா, வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தமிழில், அந்த வயதுக்கு, நம்பிக் கையில் கொடுக்கிற மாதிரி என்ன இருக்கிறது? நீங்களே படித்ததைச் சொல்லுங்கள், கேள்விப்பட்டது வேண்டாம்.

ஓய்வுபெற்ற_நூலகர் எழுதியது:

அம்மா, முதலில் நனைந்த புத்தகம் பற்றி, இனி ஒரு தடவை வராமல் இருக்கட்டும், வந்தால் வெயிலில் போடாதீர்கள். அட்டை வளைந்து முதுகு விட்டுப்போகும். இருபது தாளுக்கு ஒன்றாகச் செய்தித்தாளைச் செருகி, நிழலில், மின்விசிறிக் காற்றில் வைத்து, செய்தித்தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆர்ட் பேப்பர் புத்தகத்தை ஈரம் காய்வதற்கு முன்பே பக்கம் பக்கமாகப் பிரித்துவிட்டால்தான் பிழைக்கும்.

உங்கள் கேள்விக்கு: பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்', பத்துத் தொகுதி, 1968-லிருந்து 1976 வரை வந்தது. கடையில் கிடைக்காது, ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் முழுவதும் இலவசமாக இருக்கிறது. தகவல்களில் சில பழையதாகிவிட்டன. நிலாவுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. நான் கிளை நூலகராக இருந்த ஊரில் ஒரு பையன் தினமும் சாயங்காலம் வந்து அந்தத் தொகுதிகளை வரிசையாக, அகரவரிசைப்படியே படித்தான். மேசைமேல் விரித்துவைத்து, முழங்கை இரண்டையும் ஊன்றி, எச்சில் தொடாமல் பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்புவான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இன்னொன்று. புத்தகத்தின் கடைசியில் தேதி முத்திரை குத்துகிற தாள் ஒன்று ஒட்டியிருப்போம். ரமணிசந்திரன் புத்தகங்களுக்கு அந்தத் தாள் நிறைந்து, மேலே ஒன்று ஒட்டி, அதுவும் நிறைந்து மூன்றாவது ஒட்டியிருக்கிறேன். நான் விரும்பி வாங்கிவைத்த பல நல்ல புத்தகங்களில் ஒரு முத்திரைகூட இருக்காது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், இன்னொன்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். இரண்டையும் நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன்தான், அந்த முத்திரைத் தாள்களைப் பார்த்தபிறகுதான் முதலாவது எனக்கு விளங்கியது. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக அந்த ஜவுளிக்கடைப் பெண் இருக்கிற வீட்டிலிருந்தும்தான் போகிறது, அவள் கேட்கிற புத்தகம் நூலகத்தில் இருக்கத்தான் வேண்டும்.

மதுரை_புத்தகக்காரன் எழுதியது:

நானும் கடைக்காரன்தான். அக்கா எழுதியது மனசைத் தொட்டது, ஆனால் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு, சொல்லிவிடுகிறேன். எல்லாத் தட்டையும் நாமே படித்து முடிப்பது நடக்காது. இப்போது பதிப்பாளர்கள் ஐம்பது, நூறு பிரதி என்று தேவைக்கு அச்சடிக்கிறார்கள், மாதம் வருகிற புதுத் தலைப்புகளின் பெயரைப் படித்து முடிப்பதற்கே நேரம் போதவில்லை. பதிப்பாளர் தருகிற கழிவு 30, 35 சதவீதம், அதில் வாசகருக்குப் பத்து கொடுத்து, கரண்ட் பில், பையன் சம்பளம் போக நிற்பது என்ன என்று அக்காவுக்கே தெரியும். அந்தத் தட்டு சுழலவில்லை என்றால் இடத்தைக் காலி பண்ணித்தான் ஆகவேண்டும்.

நான் என்ன செய்கிறேன் என்றால், யார் எதை வாங்கிப்போய், அடுத்து எதைக் கேட்டு வந்தார் என்று நோட்டில் எழுதிவைக்கிறேன். 2022-ல் படம் வந்தபோது 'பொன்னியின் செல்வன்' எவ்வளவு விற்றது என்று நம் எல்லோருக்கும் தெரியும், 1999-லேயே கல்கி எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு ஒரு பதிப்பு, ஒரு விலை. அதை வாங்கியவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. வந்தவர்களில் சிலர் 'சிவகாமியின் சபதம்' கேட்டார்கள். ஒருவர் மட்டும், வயது இருபத்திரண்டு இருக்கும், "சோழர் கல்வெட்டை எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நான் படித்த எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு வந்திருக்காது. வாசகர்தான் அடுத்த தட்டைக் காட்டுகிறார். நாம் காதைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்பது என் கருத்து.

அறிவியலுக்கு: தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிற 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ், 1987-லிருந்து வருகிறது. சந்தா கட்டி இரண்டு பிரதி மேசைமேல் போட்டு வையுங்கள்.

பழைய_துப்பறிவாளன் எழுதியது:

கடைக்காரி அம்மாவுக்கு, குற்ற நாவல் தட்டில் நாற்பது வருஷமாக நிற்கிற வாசகன் நான். ராஜேஷ்குமாரோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னாலே போங்கள். தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிகிற சங்கர்லாலைத் தந்த தமிழ்வாணன் இருக்கிறார், அவருக்கும் முன்னால் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார். அப்புறம் முக்கியமாக வை.மு. கோதைநாயகி அம்மாள். 115 நாவல் எழுதியவர், 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தியவர். பள்ளிக்கூடம் போகாதவர், ஆரம்பத்தில் சரளமாக எழுத வராது என்பதால் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். துப்பறியும் கதையும் எழுதினார், கைம்பெண் மறுமணமும் எழுதினார், இரண்டையும் ஒரே வாசகிகள்தான் படித்தார்கள். மேல்தட்டு கீழ்த்தட்டு என்கிற பிரிவினை அவர் காலத்துப் பெண்களிடம் இல்லை, கையில் கிடைத்ததை மாற்றி மாற்றிப் படித்தார்கள். என் பாட்டியிடம் பைண்டு செய்த 'ஜகன்மோகினி' மூன்று தொகுதி இருந்தது, நடுவில் மருந்துச்சீட்டு, பால் கணக்கு எல்லாம் வைத்திருப்பார்.

நிலா பற்றி எனக்குத் தெரியாது.

இயற்பியல்_டீச்சர் எழுதியது:

அக்கா, நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். உங்கள் கடையில் இப்போதே ஒரு வானியல் புத்தகம் இருக்கிறது. கல்லாப்பெட்டி பக்கத்தில் பாம்புப் பஞ்சாங்கம் தொங்கவிட்டிருப்பீர்கள் இல்லையா? அதுதான்.

அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள். திதி என்பது சூரியனிலிருந்து நிலா எவ்வளவு விலகியிருக்கிறது என்கிற கணக்கு. பன்னிரண்டு டிகிரிக்கு ஒரு திதி, முப்பது திதி சேர்ந்தால் 360, முழு வட்டம். அமாவாசையன்று இரண்டும் ஒரே பக்கம், அதனால் தெரியாது. பௌர்ணமியன்று நேர் எதிர், சூரியன் மறையும்போது நிலா எழும், பகலில் தெரிய அநேகமாக வாய்ப்பில்லை. வளர்பிறை அஷ்டமி வாக்கில் நிலா ஏறக்குறைய உச்சிப்பொழுதில் எழுகிறது, ஆகவே பள்ளி விட்டு வரும்போது கிழக்கிலிருந்து தலைக்கு மேல் வரைக்கும் எங்காவது நிற்கும். தேய்பிறை அஷ்டமி வாக்கில் நடுராத்திரி எழுந்து, காலைப் பிரேயர் நேரத்தில் மேற்குப் பக்கம் வெளிறிப்போய் நிற்கும், மத்தியானம்வரை தேடினால் கிடைக்கும். நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தாமதமாக எழுகிறது என்பதையும் சொல்லி, வீட்டுத் தினசரி காலண்டரில் திதியைப் பார்த்து, இன்று எந்த நேரம் எந்தப் பக்கம் தெரியும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் வெளியே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் செய்தால் போதும். என் வகுப்பில் செய்திருக்கிறேன், முதல் வாரம் நாலு பேர், மூன்றாம் வாரம் பாதி வகுப்பு மைதானத்தில் நின்றது.

புத்தகமாக இரண்டு சொல்கிறேன், இரண்டும் நான் படித்தவை. பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்', சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்தது, பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இன்னொன்று இரா. நடராசனின் 'ஆயிஷா'. மிகச் சின்னப் புத்தகம், அரைமணி நேரத்தில் படித்துவிடலாம். கேள்வி கேட்கிற ஒரு மாணவியைப் பற்றி அவளுடைய டீச்சர் சொல்வது போன்ற கதை. முடிவு மிகக் கடினமானது, அந்தப் பெண் இறந்துபோகிறாள், ஆகவே நீங்கள் முதலில் படித்துவிட்டு, கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம் என்று முடிவெடுங்கள். நான் அதைப் படித்தது வேலைக்குச் சேர்ந்த வருஷம். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு கேள்வியைக்கூட "அது சிலபஸில் இல்லை" என்று நிறுத்தியதில்லை.

நெல்லை_கடைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரே மூச்சில் படித்தேன், அப்புறம் மெதுவாக இன்னொரு தடவை.

மதுரை அண்ணாச்சி சொன்னது சரிதான், எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அந்தக் காது எனக்குத் திறந்ததே அந்த நனைந்த புத்தகங்களைப் படித்த பிறகுதான் அண்ணா. முன்பும் அதே ஆட்கள்தான் வந்தார்கள், கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோட்டு யோசனையை எடுத்துக்கொள்கிறேன், நேற்றே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வைத்தாகிவிட்டது. அந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று சொல்லவில்லையே?

நூலகர் ஐயா, தூரன் தொகுதியை இணையத்தில் திறந்து பார்த்தேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு வசதியாக இருக்கும், போனில் படி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோதைநாயகி அம்மாள் நாவல்களை யார் மறுபதிப்புச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பதிப்பாளர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், துப்பறிவாளர் ஐயாவுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

'ஆயிஷா' ராத்திரி படித்தேன். டீச்சர் சொன்னது சரி. இப்போது கொடுக்கப்போவதில்லை, அவள் இன்னும் நாலு தடவை வரட்டும்.

பஞ்சாங்கம் கல்லாவுக்கு மேலேதான் தொங்குகிறது, வருஷா வருஷம் கட்டுக் கட்டாக வாங்கி விற்கிறேன், ராகு காலத்தைத் தவிர எதற்கும் திறந்து பார்த்ததில்லை. இன்று காலை பால் வாங்க வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்வீட்டுத் தென்னைக்கு மேலே, மேற்குப் பக்கம், கரைத்த சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி பாதி நிலா. உள்ளே போய்த் திதியைப் பார்த்தேன், தேய்பிறை சப்தமி. மேஜையில் ஒரு தாளை எடுத்து நாளைக்கு எத்தனை மணிக்கு எங்கே தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர், நான் எழுதியது சரிதானா என்று நாளைக் காலை பார்த்துவிட்டு இங்கேயே சொல்கிறேன். அந்தப் பெண் சனிக்கிழமை வருவாள்.